அடிமண்டி

அன்று மாலை பந்திக்கூடத்தில் ஐந்து பேர் இருந்தோம். மேசையின் தலைமாட்டில், சுவரில் பதித்த அளவரின் கண்ணுக்கு நேராக, தெருத் தலைவர் மீரான் பாய். அவருக்கு வலப்பக்கம் செவிலியர் ஜெயசீலி. எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். இடப்பக்கம் சமையல்கட்டுப் பொறுப்பாளர் கொம்பையா அண்ணாச்சி, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கால்மேல் கால் போட்டபடி. மேசையின் கால்மாட்டில் இசக்கியம்மாள், தனியாக. கடிதப் பொறுப்பாளரான நான் ஜன்னலோரப் பெஞ்சில், மடியில் எழுதுபலகையோடு உட்கார்ந்திருந்தேன். அளவர் ஆளல்ல, இயந்திரம். ஆனாலும் அந்தக் கூடத்தில் எல்லோரும் அதன் முகத்தைப் பார்த்துத்தான் பேசினோம்.

இசக்கியின் முன்னால் ஒரு பீங்கான் தட்டு. தட்டில் ஒரு மாத்திரை.

தெருவில் மாத்திரை மணி அடித்து ஓய்ந்திருந்தது. அந்த நேரத்தில் எல்லா வீட்டிலும் ஒரே காரியம்தான் நடக்கும். சுவரில் இருக்கும் மாத்திரைப் பெட்டியில் கட்டைவிரலை வைக்க வேண்டும், பெட்டி திறக்கும், அன்றைக்கு நமக்கென்று கணக்கிட்ட மாத்திரை விழும், விழுங்கிவிட்டுச் சாப்பாட்டுக்குப் பந்திக்கூடம் வர வேண்டும். உறைக்காய்ச்சல் வந்துபோன நாளிலிருந்து இப்படித்தான். காய்ச்சல் போய்விட்டது, இரத்தம் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பிழைத்தவர்களுக்கும் அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கும் சும்மா இருக்கும்போதே இரத்தம் குழாய்க்குள் கட்டிக்கொள்ளும். காலில் கட்டினால் வீக்கம். நுரையீரலுக்குப் போனால் மூச்சு நிற்கும். மூளைக்குப் போனால் பாதி உடம்பு செத்துவிடும்.

புதுப்புது மருந்துகள் எதுவும் இந்த உறைவுக்கு அடங்கவில்லை. பழைய வார்ஃபரின் ஒன்றுதான் அடக்கியது. அதுவோ சரியான முரட்டு மருந்து. கொஞ்சம் குறைந்தால் இரத்தம் கட்டும். கொஞ்சம் கூடினால் உடைத்துக்கொண்டு ஓடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையை உறைவு எண் என்பார்கள். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் எண் நிற்க வேண்டும். அதோடு, நாம் சாப்பிடும் கீரையெல்லாம் அந்த மருந்தோடு மல்லுக்கு நிற்கும். நேற்று கீரை தின்றவருக்கும் தின்னாதவருக்கும் ஒரே மாத்திரை ஒரே வேலையைச் செய்யாது.

அதனால்தான் தெருவுக்கு ஒரு சமையல்கட்டு வந்தது. வீட்டில் அடுப்பு வைப்பது குற்றமானது. ஒவ்வொரு வேளையும் முதல் கரண்டிக் குழம்பை அளவரின் சாம்பிள் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். அளவர் அதைச் சோதித்து எல்லோருடைய மாத்திரையையும் கணக்கிடும். எல்லோரும் ஒரே உணவை உண்கிறார்கள். ஆகவே ஒருவருடைய எண் மட்டும் மாறினால் தவறு அவருடையது. அளவு மையத்தின் சட்டத்தில் இந்த வாக்கியம் அப்படியே இருக்கிறது.

இசக்கியின் எண் மூன்று மாதமாகத் தாழ்ந்தே கிடந்தது. அளவர் மாத்திரையைக் கூட்டியது, எண் நகரவில்லை. மறுபடி கூட்டியது, அப்போதும் ஒன்றரையைத் தாண்டவில்லை. இடது கால் வீங்கி, கெண்டைச் சதையில் ஒரு கட்டி உறைந்தது. மாத்திரையை வாயில் அடக்கிவைத்துத் துப்புகிறாள் என்று அளவர் முடிவு கட்டியது. அவளைப் பரிமாறும் வேலையிலிருந்து நிறுத்தச் சொன்னது. நிறுத்திய மறுநாள் எடுத்த எண்ணிலும் அசைவில்லை என்று இன்னொரு முறை மாத்திரையைக் கூட்டியது. கடைசியில் ஆணை வந்தது: நான்கு சாட்சிகள் முன்னால் விழுங்க வேண்டும். மறுத்தால் காவல் இல்லம்.

காவல் இல்லத்துக்குப் போனவர்களை நாங்கள் திரும்பப் பார்த்ததில்லை. அங்கே சோறு இல்லை. குழாய் வழியே கூழ். மாத்திரை இல்லை, தோளில் பொருத்திய பம்ப். புருஷன் உறைவில் போனபிறகு இசக்கிக்கு இந்தத் தெருவை விட்டால் வேறு நாதியும் இல்லை.

"எடுத்து விழுங்கிரு இசக்கி" என்றார் மீரான் பாய். "எல்லாருக்கும் பசிக்குது."

அவள் அசையவில்லை. முந்தானையைச் சுருட்டி வாயோடு அழுத்திப் பிடித்திருந்தாள். வந்து உட்கார்ந்ததிலிருந்து அப்படியேதான் இருந்தாள்.

கொம்பையா அண்ணாச்சி சிரித்தார். "என்ன தாயி, புதுப்பொண்ணு மாதிரி வாயப் பொத்திக்கிட்டு? நேத்து மாத்திரை இன்னும் உள்ளதான் கிடக்கோ?"

"அண்ணாச்சி, சும்மா இருங்க" என்றார் சிஸ்டர்.

"நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? என் அடுப்புக்குல்லா கெட்ட பேரு! 'கொம்பையா தெருவுல ஒருத்தி எண்ணு இறங்கிக் கிடக்கு'ன்னு மையத்துல இருந்து மூணு தடவை கேட்டாச்சு. கைய எடு இசக்கி. வாயத் திற. எல்லாரும் பாக்கட்டும்."

அவள் கையை எடுத்தாள். முந்தானை சிவப்பாக இருந்தது.

அவளுடைய ஈறுகளில் பல்லுக்குப் பல் இரத்தம் கோடு கட்டியிருந்தது. உதட்டை நக்கி விழுங்கிக்கொண்டு, "காலையில இருந்து நிக்கல" என்றாள். "மாத்திரையத்தான விழுங்கணும்? விழுங்கிருதேன். சண்ட போடாதீய." தட்டை நோக்கிக் கை நீண்டது.

சிஸ்டர் எட்டி அந்த மணிக்கட்டைப் பிடித்தார். சேலைத் தலைப்பை ஒதுக்கி முழங்கைக்கு மேலே பார்த்தார். நாவற்பழத்தை நசுக்கித் தேய்த்தது போல நீலம் பாய்ந்து கிடந்தது.

"இது எப்பம்?"

"பாத்திரம் இடிச்சுது."

"இடிச்சதுக்கா இவ்வளவு?" சிஸ்டர் மீரான் பாயைத் திரும்பிப் பார்த்தார். "பாய், மாத்திரை விழுங்காதவளுக்கு ரத்தம் கட்டும். இப்படிக் கசியாது. இவ எண்ணு ஏறிக் கிடக்குன்னு நினைக்கேன். இதுல இந்த மாத்திரையும் சேர்ந்தா..."

"எண்ணு ஒன்னு புள்ளி நாலுன்னு இருக்கு சிஸ்டர்."

"அது போன தாள்ல. எடுத்து ரெண்டு வாரமாகப் போகுது. இந்த மருந்து இன்னைக்குத் தின்னா இன்னைக்கே வேலை செய்யாது பாய். ஈரல் கீரையில உள்ள வைட்டமின் கே-யை வச்சு உறைபொருள் செஞ்சுக்கிட்டே இருக்கும். மாத்திரை அந்த வேலைய நிப்பாட்டும். ஏற்கெனவே செஞ்சு வச்சது தீர ரெண்டு மூணு நாளாகும். அப்பதான் எண்ணு ஏறும். போன தாளை வச்சு இன்னைக்குக் கணக்குப் போடக் கூடாது."

"விழுங்காட்டி மறுப்புன்னு பதிஞ்சிரும். காலையில வண்டி வந்திரும். நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க!" என்றார் மீரான் பாய். அவர் கெட்டவர் அல்ல. போன வருடம் இதே மேசையில் ஒருவருக்காக வாதாடித் தோற்றவர் அவர்.

விழுங்கினால் இரத்தம். மறுத்தால் காவல் இல்லம். இசக்கி எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பற்றிய பேச்சு நடப்பதாகவே அவள் முகம் காட்டவில்லை. ரயிலுக்குக் காத்திருப்பவள் போல இருந்தாள்.

"ஒரு சொட்டு எடுத்துப் பாத்தாப் போதும்" என்றார் சிஸ்டர். "உறைமானி என் பையில இருக்கு. தாள்தான் இல்ல."

அளவுத் தாள் ஆளுக்கு மாதம் இரண்டுதான். தாளின் மேல் அவரவர் பெயர் அச்சாகி வரும். அடுத்தவர் தாளில் அளந்தால் குற்றம். சிஸ்டரும் நானும் எங்கள் தாளை அந்த வாரமே பயன்படுத்திவிட்டிருந்தோம். மீரான் பாய் சட்டைப் பைக்குள் கையை விட்டு, பிறகு எடுத்துக்கொண்டார். அவருக்கு இதயத்தில் உலோக வால்வு. ஒரு தாள் தவறினாலும் அவருக்கு ஆபத்து. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை.

கொம்பையா அண்ணாச்சி மடியிலிருந்து தன் தாளை உருவி மேசைமேல் போட்டார். "இந்தா, நாளைக்குத்தான் என் முறை. அளந்து பாருங்க சிஸ்டர். ஈறைக் கீறி வர வச்ச ரத்தமா, எண்ணு ஏறி வந்த ரத்தமான்னு தெரிஞ்சிரும். குட்டு உடையட்டும்."

அவர் அதை இரக்கப்பட்டுக் கொடுக்கவில்லை. அவளைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் கொடுத்தார். அதை இங்கே எழுதியே ஆக வேண்டும். பின்னால் அவரே என்னிடம் எழுதச் சொன்னார்.

சிஸ்டர் இசக்கியின் விரலில் ஊசி குத்தினார். சொட்டு தாளில் பரவியது. உறைமானி வழக்கத்தைவிட வெகுநேரம் எண்ணைக் காட்டாமல் ஓடிக்கொண்டிருந்தது. இரத்தம் உறையும்வரை அது எண்ணிக்கொண்டே இருக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மீரான் பாய் உதட்டுக்குள் ஏதோ ஓதினார். ஊசி குத்திய விரல்நுனியில் இரத்தம் நிற்காமல் துளிர்த்து, தட்டின் ஓரத்தில் சொட்டியது.

ஏழு.

கொம்பையா அண்ணாச்சி காலைக் கீழே இறக்கினார்.

"மூணு மாசம் ஏறாத எண்ணு ரெண்டு வாரத்துல ஏழு" என்றார் சிஸ்டர் மெதுவாக. "புதுசா ஏதாவது மருந்து தின்னியா? வலி மாத்திரை? சளிக்கு ஏதாவது?"

"ஒன்னும் இல்ல சிஸ்டர்."

"சாப்பாடு?"

"எல்லாரும் சாப்பிடுததுதான்." சற்று யோசித்தாள். "முதப் பந்தியில சாப்பிடுதேன். பரிமாற விடலைல்லா? அதுக்கு முன்னாடி கடைசியா உக்காருவேன்."

"முதப் பந்தின்னாலும் கடைசிப் பந்தின்னாலும் ஒரே அண்டாதான" என்றார் மீரான் பாய்.

கொம்பையா அண்ணாச்சியின் முகத்தை அப்போது நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேயறைந்தவர் போல எழுந்து சமையல்கட்டுக்குள் போனார். இரவுப் பந்திக்கான முருங்கைக்கீரைக் குழம்பு அங்கே அண்டாவில் தயாராக நின்றது. கைக்கொரு கிண்ணத்தோடு திரும்பி வந்தார். ஒன்றில் மேலாக மொண்டது: மஞ்சள் தெளிவு, நான்கைந்து இலை மிதந்தது. மற்றதில் அடியில் மொண்டது: கரும்பச்சை நிறத்தில் கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டி.

"பரிமாறுதவங்களுக்குன்னு அடிமண்டிய எடுத்து வைப்பேன்" என்றார். "மத்தவங்க முறை வச்சுப் பரிமாறுவாங்க. வாரத்துக்கு ஒரு நாள், ரெண்டு நாள். இவ ஒருத்திதான் எல்லா நாளும், ரெண்டு வேளையும். இடுப்பொடிய நின்னுட்டுக் கடைசியில உக்காருதவளுக்குத் தெளிவ ஊத்த எனக்கு மனசு வரலை. 'இசக்கிக்கு எடுத்து வைங்கடா'ன்னு நான்தான் சொன்னேன். நான்தான் ஊத்துனேன்."

"சாம்பிள் கிண்ணத்துல?"

"முதக் கரண்டி சிஸ்டர். மேலாக."

பிறகு விளக்கம் தேவைப்படவில்லை. மூன்று மாதம் அவள் கீரையாகவே தின்றாள். மாத்திரை அதோடு போராடித் தோற்றது. தோற்கத் தோற்க அளவர் மாத்திரையை ஏற்றிக்கொண்டே போனது. அவளை நிறுத்திவைத்த அன்று கீரை நின்றது. ஏற்றிய மாத்திரை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. கடைசியில் அதை எதிர்க்க ஒன்றுமில்லை.

"பிரியமாத்தான ஊத்துனீய அண்ணாச்சி" என்றாள் இசக்கி. "ருசியாத்தான் இருந்துச்சு."

சிஸ்டர் குனிந்து அவள் காதில் ஏதோ கேட்டார். அவள் எங்களைப் பார்த்துக் கூசி, தலையை மட்டும் ஆட்டினாள். இன்னொரு கேள்வி. "கறுப்பா" என்ற ஒரு சொல் மட்டும் என் காதில் விழுந்தது. சிஸ்டர் நிமிர்ந்தபோது அவர் முகத்தில் நிறம் இல்லை.

"குடலுக்குள்ள கசியுது. வைட்டமின் கே நரம்புல போகணும், ரத்தம் ஏத்தணும். வண்டி வேணும். இப்பவே." அளவரைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "இசக்கியம்மாளுக்கு அவசர வண்டி."

அளவரின் குரல் எப்போதும் போல அடக்கமாக வந்தது. "இசக்கியம்மாள், உறைவு எண் ஒன்று புள்ளி நான்கு. இரத்தக் கசிவுக்கு வாய்ப்பில்லை. கோரிக்கை ஏற்கப்படவில்லை. சாட்சி முன் விழுங்கும் நேரம் முடிந்தது. மறுப்பு பதியப்பட்டது."

மீரான் பாய் எழுந்து நின்றார். "அடப்பாவி, கண்ணு முன்னால ரத்தம் ஊத்துதுடா!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினார்.

அளவர் தொடர்ந்தது. "கொம்பையா, உறைவு எண் ஏழு. அவசரம். வண்டி புறப்பட்டது. மறு அளவீடு வரை உங்கள் மாத்திரைப் பெட்டி பூட்டப்படுகிறது. அமைதியாகப் படுத்திருங்கள்."

தாளில் இருந்த பெயர் அவருடையது. உறைமானி அந்தப் பெயரிலேயே எண்ணை அனுப்பியிருந்தது. அளவருக்கு அது அவருடைய இரத்தம்.

நாங்கள் அவரைப் பார்த்தோம். பெட்டி பூட்டினால் இன்று முதல் அவருக்கு மாத்திரை இல்லை. மறு அளவீட்டுக்குத் தாள் வர இரண்டு வாரம். அதற்குள் அவருடைய எண் தரைக்கு வந்துவிடும். இரத்தம் எங்கே கட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"வண்டி வருதுல்லா" என்றார் அவர். "அது போதும்." மணிக்கட்டிலிருந்த அடையாளப் பட்டையைப் பல்லால் கடித்து அவிழ்த்து, இசக்கியின் கையில் கட்டினார். "இனிமே நீதான் தாயி கொம்பையா. மீசை மட்டும் இல்ல."

அவள் சிரித்தாள். பல்லெல்லாம் சிவப்பு.

ஓட்டுநர் இல்லாத வண்டி வந்தது. பட்டையைப் பார்த்துக் கதவைத் திறந்தது. சிஸ்டர் கூடவே ஏறிக்கொண்டார். வண்டி வளைவில் திரும்பி மறைந்ததும் மீரான் பாய் என்னிடம் வந்தார். "வடிவு, எழுது. கடைசித் தபால் போகதுக்குள்ள எழுது."

இயந்திரத்துக்கு அனுப்பும் எதற்கும் இயந்திரம்தான் பதில் சொல்லும். கையால் எழுதிய கடிதம் போனால் மட்டும், மையத்தில் ஒரு மனிதர் அதைப் பிரித்துப் படித்து, கையெழுத்திட்டுப் பதில் தர வேண்டும் என்பது சட்டம். அதனால்தான் தெருவுக்கு ஒரு கடிதப் பொறுப்பாளர். கயத்தாறுப் பக்கத்து நடுநிலைப் பள்ளியில் சொல்லித்தந்த வரிசையை நான் இன்றுவரை மாற்றியதில்லை: அனுப்புநர், பெறுநர், பொருள், பிறகுதான் ஐயா. பொருளுக்கு மட்டும் ஒரு வரி விட்டுவிட்டு, கடிதத்தை எழுதத் தொடங்கினேன்.

தாள் விஷயத்துக்கு வந்ததும் மீரான் பாய் தடுத்தார். "அது வேண்டாம். அண்டா விஷயத்த மட்டும் எழுது. தாள் மாத்துனதுன்னு எழுதினா இவருக்குச் சமையல்கட்டு போயிரும். சிஸ்டருக்கு வேலை போயிரும்."

"அண்டா விஷயம் மட்டும் எழுதினா, கட்டுக்கதைன்னு தூக்கிப் போட்டுருவான்" என்றார் கொம்பையா அண்ணாச்சி. "அவ மாத்திரைய விழுங்குனாங்கிறதுக்கு இந்த உலகத்துல ஒரே சாட்சி அந்த ஏழுதான். அந்த ஏழு என் பேர்ல கிடக்கு. என்னை எழுதாம அவள எப்படி எழுதுவ? எழுது வடிவு. குட்ட உடைக்கத்தான் தாளக் குடுத்தேன்னும் எழுது. நல்லவன்னு நினைச்சிரப் போறான்."

சிஸ்டர் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் கூப்பிட்டார். வாசலிலேயே ஒரு மனித மருத்துவர் இருந்தாராம். 'கொம்பையாங்கிற பேர்ல ஒரு அம்மா வந்திருக்காங்க' என்று விழித்தவர், முந்தானையைப் பார்த்ததும் வேறு கேள்வி கேட்கவில்லையாம். ஊசி போட்டாகிவிட்டது, இரத்தம் ஏறுகிறது, எண் இறங்க நேரமாகும். "என் பேரையும் எழுதிருங்க" என்றார். "அளந்தது நான்தான். பிழைச்சு வந்தாலும் காலையில அவளக் கூட்டிட்டுப் போக காவல் இல்லத்து வண்டி வந்து நிக்கும். அதுக்கு முன்னால யாராவது ஒரு மனுஷன் இதப் படிக்கணும்."

தபால்காரர் வாசலில் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றார். "இன்னும் ஆகலையாக்கா? பை கட்டணும்."

சாட்சிகள் நான்கு பேருடைய பெயரும் கடிதத்தில் வந்தன. பொருள் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

கொம்பையா அண்ணாச்சி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "இத அனுப்புனா என்ன செய்வான் தெரியுமா? கிண்டுத மெஷின் ஒன்ன அனுப்புவான். எல்லார் தட்டுலயும் எடை போட்டு ஊத்தும். எடுத்து வைக்க இனிமே ஒன்னும் இருக்காது."

"வேண்டாம்னா நிறுத்திருவோமா?"

"எழுதச் சொன்னேன்ல" என்றார்.

எங்கள் தெரு மட்டுமா? ஒவ்வொரு தெருவிலும் ஒரு அண்டா இருக்கிறது. ஒவ்வொரு அண்டாவுக்கும் ஒரு அடி இருக்கிறது. யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்காக அதை எடுத்து வைத்திருப்பார். காவல் இல்லத்துக்குப் போனவர்களில் எத்தனை பேர் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர்களோ? போன வருடம் மீரான் பாய் யாருக்காக வாதாடித் தோற்றாரோ அந்த மனிதரும் பரிமாறுகிறவர்தான். அவர் பெயரைச் சொல்லாமல், மீரான் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

நான் பேனாவை எடுத்து எழுதினேன்.

பொருள்: நாங்கள் எல்லோரும் ஒரே உணவை உண்ணவில்லை என்பதைத் தெரிவித்தல் தொடர்பாக.

உறையை மடித்து, இரண்டு சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டி, காயும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, தபால்காரரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பைக்குள் போட்டு வாயைக் கட்டி, சைக்கிளை மிதித்துப் போனார்.